இளம்பச்சை அறை

கதவு தட்டப்பட்டபோது அம்மா ஏணியின் மேல் இருந்தாள். புதுத் திரைச்சீலையின் ஒரு பாதி கம்பியில் ஏறியிருந்தது, மறுபாதி அவள் தோளில் கிடந்தது.

இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

வாசலில் மகள் நின்றாள். தோளில் கைப்பை. முகத்தில் ஒரு சிரிப்பு, அவசரமாகப் போட்டுக்கொண்டது.

"அடியே, நீயா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? சாயங்காலமே திரும்பிடணுமா?"

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"ஆமாம்மா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. குளிர் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வைக்கிற நாட்கள் வந்ததுமே அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் ஒரு பெண்மணி வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தாள்: வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் மனம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், நிறத்தைப் பிறகு பார்க்கலாம். அம்மா யோசிக்கவே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும் என்று போனைப் பார்த்தே பதில் சொன்னாள்.

நிம்மதிக்கு இளம்பச்சையை விட்டால் வேறு நிறமே இல்லை என்று பெயிண்ட் கடைக்காரர் அடித்துச் சொன்னார். அவரிடம் அன்று நீலம் மிச்சம் இருந்திருந்தால் நீலத்துக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்.

குளிர்காலம் முழுக்க அந்த நிம்மதிதான் இல்லாமல் போயிருந்தது. மகள் போன் செய்து அழுவாள். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார், பேசினால் காது கொடுத்துக் கேட்க முடியாது. கொஞ்சம் பொறுத்துப் போ என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டுத் தூக்கம் வராமல் புரள்வாள். போகப்போக போன் வருவது குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது போல என்று கணவரிடம் சொன்னாள். அவரும் தலையாட்டினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நிறுத்தச் சொல்லி யாரும் மணி அடிக்காதவரை போய்க்கொண்டே இருப்பார்.

ஆனால் மகளின் அறையிலிருந்து வேலையை ஆரம்பித்தபோது, கட்டிலை அடுத்த வீட்டு நர்ஸுக்குக் கொடுத்தபோது, அவர் ஒன்றே ஒன்று கேட்டார். அவ வந்தா எங்க படுப்பா?

வந்தா பாத்துக்கலாம் என்றாள் அம்மா.

இப்போது வந்தவள் அந்த அறையின் வாசலிலேயே நின்றாள். கட்டில் இருந்த இடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், நடுவே ஒரு குட்டி மேஜை, மூலையில் தொட்டிச் செடி. சுவரெல்லாம் இளம்பச்சை.

மகள் கதவின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினாள். அவள் துணி மாட்டும் ஆணிகள் அங்கேதான் இருந்தன. அவற்றைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்தாயிற்று. அவளுடைய கட்டைவிரல் ஓர் ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது.

அம்மாவுக்குக் கூசியது. யாராவது வந்தால் உட்கார வசதியாக இருக்கும் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டாள். அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

"ரொம்ப நல்லாருக்கும்மா. மனசுக்கு இதமா இருக்கு."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். எனவே டீ போட்டார்கள். திரைச்சீலைத் துணியைப் பற்றிப் பேசினார்கள். அம்மா தானே தைத்தது, ஒரு ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டுவிட்டது, மகள் அது தெரியவே இல்லை என்றாள். குடித்து முடித்ததும் கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முன்பெல்லாம் அவள் குடித்த கப்பைத் தேடி அம்மா வீட்டையே புரட்டிப்போட வேண்டியிருக்கும்.

அப்பா கடையிலிருந்து வரும்வரை இரேன் என்று அம்மா ஒரு தடவைதான் சொன்னாள். நேரமாகிவிட்டது என்றாள் மகள்.

"அடுத்த தடவை தங்குற மாதிரி வா, என்ன?"

மகள் நன்றாகவே தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா கதவைச் சாத்தினாள். பிறகு திரைச்சீலையின் மீதியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். வேலை பாதியில் கிடந்தது.

ஜன்னலின் கீழ்க் கண்ணாடிகள் மங்கலானவை, தரையில் நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஏணியில் ஏறினால் மேல் கண்ணாடி வழியாக கேட், பூந்தொட்டிகள், தெரு எல்லாம் தெரியும்.

மகள் கேட்டருகே குனிந்தாள். பூந்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து பெரிய மெரூன் பெட்டியை இழுத்தாள். கல்யாணத்துக்கு அம்மாவே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக்கொடுத்த பெட்டி. ஒரு சக்கரம் தொட்டியில் சிக்கியது. அதைக் காலால் நகர்த்தி விடுவித்துக்கொண்டு, பெட்டியைத் தெருவில் உருட்டியபடி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அம்மா கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவாள்?

மகள் அந்தப் பெட்டியை அங்கே ஒளித்து வைத்ததையும், கதவு தட்டப்படுவதற்கு முன்னால், ஏணியின் இதே படியில் நின்று அம்மா பார்த்திருந்தாள். சாயங்காலமே திரும்பிடணுமா என்ற கேள்வியை இறங்கும்போதே யோசித்து வைத்திருந்தாள்.