பல்லி சொன்னது

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. கீழே தவளையும் சில்வண்டும் சேர்ந்து பாடும் பாட்டென்றால் அதற்கு உயிர்.

அன்று பாட்டுக்குப் பதிலாகச் சண்டை.

"நான் இல்லாம உன் பாட்டை எவன் கேப்பான்?" என்றது தவளை.

"அப்ப இன்னையோட பிரிஞ்சிருவோமா?" என்று சீறியது சில்வண்டு.

பல்லி வேண்டாம் என்று கத்த வாயெடுத்தது. பதற்றத்தில் 'ச்சு ச்சு' என்ற சத்தம்தான் வந்தது.

இரண்டும் மேலே பார்த்தன.

"பல்லியே சொல்லிருச்சு" என்று தவளை குளத்தைப் பார்த்துத் தாவிப் போய்விட்டது.

மறுநாள் மாலை சில்வண்டு தனியாகப் பாடியது. தவளை சேரும் இடம் வந்ததும் நிறுத்தி, மேலே பார்த்தது.

"அவன் திரும்பி வருவானா, பல்லி?"

குளத்தில் வேறொரு கூட்டத்தோடு தவளையின் குரல் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. பல்லிக்குச் சத்தம் தொண்டைவரை வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டது.