மாதிரி வயல்

அரசாங்கம் நட்ட பலகையை ஐயாத்துரை பிடுங்கி வாய்க்கால் கரையில் எறிந்தார்.

'மாதிரி வயல்' என்று அதில் எழுதியிருந்தது. நட்டவனுக்குக் கண் இல்லையா? தர்மபுரம் குடியேற்றத்தில் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. போன இரண்டு வருடமும் சிறுபோகத்துக் கோடை நெல் தண்ணீர் எட்டாமல் கருகிப்போன வயல். இந்தப் போகமும் சாவியானால் காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லியாயிற்று.

தண்ணீர் ஏன் எட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். தலைமடையில் இருக்கும் பரமலிங்கம் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணைப் போட்டு மறிப்பார். தன் வயல் குளமாய் நின்ற பிறகுதான் கீழே விடுவார். முறைப்பாடு சொல்லப் போனால், விவசாயிகளுக்கென்று இருக்கும் கமக்காரர் சங்கத்தின் தலைவரும் அவரே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போவது?

பலகையைப் பார்த்து முதலில் சிரித்தவரும் அவர்தான்.

"எப்பிடி வயல் செய்யக்கூடாது எண்டதுக்கு மாதிரி" என்று தேநீர்க்கடையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அதைக் கேட்ட பிறகுதான் ஐயாத்துரை பலகையைப் பிடுங்கினார்.

விவசாயப் போதனாசிரியர் கதிர்காமநாதன் சைக்கிளில் வந்தார். கரையில் கிடந்த பலகையை எடுத்துப் பேசாமல் மறுபடி நட்டார்.

"ஐயா, நட்டால் நான் பிடுங்குவன். என்னை வைச்சு ஊரைச் சிரிப்பிக்கவோ உங்களை இஞ்சை அனுப்பினவை?"

போதனாசிரியர் மண்ணை மிதித்து இறுக்கினார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அமசடக்கம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அரசாங்கத்தோடு கொழுவவேண்டாம் என்று மனைவி நாகேஸ்வரி மன்றாடினாள். ஐயாத்துரை கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கந்தோர் வாசலிலேயே போட்டுவிட்டு வருவதென்று புறப்பட்டார்.

தலைமடையில் கூட்டம். தண்ணீர் திறக்கும் வீரகத்தி பரமலிங்கத்தின் மண் அணையை வெட்டிக்கொண்டிருந்தார். பரமலிங்கம் துள்ளிக்கொண்டிருந்தார். போதனாசிரியரும் அங்கே நின்றார்.

"மேலிடத்துக் கட்டளை," என்றார் வீரகத்தி. "மாதிரி வயலுக்குத் தண்ணி போய்ச் சேருமட்டும் இடையிலை ஒருத்தரும் மறிக்கேலாது."

ஐயாத்துரையின் கால் அப்படியே நின்றுவிட்டது.

பரமலிங்கம் போதனாசிரியரிடம் பாய்ந்தார். "மாதிரி வைக்கிறதெண்டால் நல்ல வயலிலையெல்லோ வைக்கவேணும்? என்ர வயல் றோட்டுக்கரை, ஆரும் வந்து பாக்கலாம்."

"நல்லாய் விளையிற வயலுக்கு நான் என்னத்துக்கு?" என்றார் கதிர்காமநாதன். "முதலே இந்தத் தண்ணிக் கட்டளையைச் சொல்லியிருந்தால் பலகையை உங்கடை வயலுக்கு மாத்தியிருப்பியள். அதுதான் ஏச்சையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தனான்."

அப்போதுதான் பரமலிங்கத்தின் கண்ணில் ஐயாத்துரை பட்டார். முகம் மலர்ந்தது. வயல்காரனே வேண்டாமென்று பலகையைப் பிடுங்கிவிட்டான், பிறகென்ன மாதிரி வயல், அணையை மூடு என்றார்.

வீரகத்தியின் மண்வெட்டி நின்றது. எல்லாரும் ஐயாத்துரையைப் பார்த்தார்கள்.

"பிடுங்கினது உண்மைதான்," என்றார் ஐயாத்துரை, பரமலிங்கத்தை நேராகப் பார்த்து. "ஆடிக்கொண்டு நிண்டது. நீளமான கட்டை அடிச்சு, இனி ஒருத்தரும் பிடுங்கேலாமல் நடப்போறன். நீர் வெட்டும், வீரகத்தி."