ஏன் இவ்வளவு நேரம்?

“அக்கா, ரெண்டே வார்த்தை. ‘பஸ் லேட்டாயிடுச்சுங்க.’ இதுகூடவா மறந்து போகும்?”

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டாள். சின்னப் பெண்தான், தங்கமான பெண்தான். ஆனாலும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டே.

“கோவிச்சுக்காதம்மா. கேமராவைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குது.”

பிழைக்க வந்த ஊரில் தனிமரமாக நிற்பவர்களைப் பற்றிய படம். நடிகர்கள் வேண்டாம், நிஜமாகவே அப்படி வாழ்கிறவர்கள் வேண்டும் என்று தேடிப் பிடித்திருந்தாள். கதாநாயகி, சலவைக் கடையில் துணி மடிக்கும் இவள். இன்று கனவுக் காட்சி. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவாள். கனவில் வரும் கணவன் திறப்பான். அந்தக் கணவன், பேக்கரியில் மாவு பிசைகிறவர். காலையில்தான் அறிமுகம்.

பட்டப்பகலில் ஜன்னலுக்கு வெளியே, படத்துக்காகக் குழாயில் விட்ட மழை கொட்டியது. மஞ்சள் விளக்கில் அறை சாயங்காலமாகியிருந்தது. மூன்றே சுவர் வைத்த செட்தான். ஆனாலும் உள்ளே நின்றால் வீடு மாதிரியே இருந்தது.

தட்டினாள். திறந்தார்.

“ஏன் இவ்வளவு நேரம்? ஒரு போன் பண்ணக் கூடாதா? பயந்தே போயிட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வசனம் வரவில்லை.

மறுபடி எடுத்தார்கள். அவள் சரியாகச் சொன்னாள்; அவருக்கு இருமல் வந்துவிட்டது. மறுபடி. இருமல் நின்றது, அவளுக்கு மறந்துவிட்டது. ஆளுக்கொரு வியாதி.

“நல்ல ஜோடி பிடிச்சேன் போங்க,” என்றாள் இயக்குநர். “இதுதான் கடைசி. இதுவும் சொதப்பினா வேற ஆளை வெச்சு எடுத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க.”

அவளுக்குப் பகீரென்றது. இந்த ஊருக்கு வந்த பிறகு, நீதான் வேண்டும் என்று அவளைத் தேடி வந்தது இந்தப் படம் ஒன்றுதான்.

தட்டினாள். கேட்டார். சொன்னாள். பிசிறே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மழையை நிறுத்தி விளக்கை அணைத்ததும் அறைக்குள் வெயில் வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றாள் அவள். “எனக்கு வசனம் மறக்கவே இல்லை. ‘ஏன் இவ்வளவு நேரம்’னு என்னை ஒருத்தர் கேட்டு வருஷக்கணக்காச்சு. இன்னும் ஒரு தடவை கேட்டுக்கலாமேன்னுதான்... பாவம், அந்த இருமலோட உங்களைப் பாடாப் படுத்திட்டேன்.”

அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஏதுங்க இருமல்?” என்றார். “என் ரூம் கதவைத்தான் யாரு வந்து தட்டறா?”