டப்பாவில் குறைகிற இரும்பு

குழந்தைகளுக்கான அந்தப் பால்பவுடரில் நூறு கிராமுக்கு ஏழு மில்லிகிராம் இரும்புச்சத்து என்று டப்பாவில் அச்சடித்திருந்தது. திங்களன்று அளந்தேன், சரியாக ஏழு. சான்றிதழ் கொடுப்பதற்கு முன் மறுநாளும் ஒருமுறை அளப்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம். மறுநாள் ஐந்து வந்தது. புதனன்று மூன்று.

"மெஷின் மக்கர் பண்ணுதும்மா," என்றார் மேலாளர். அவருக்கு எது நடந்தாலும் மெஷின்தான் குற்றவாளி.

வெறும் தண்ணீரை அளந்தேன், பூஜ்யம். அளவு தெரிந்த கரைசலை அளந்தேன், துல்லியம். தினமும் மாலை நான் கையெழுத்திட்டு மூடியில் ஒட்டும் பட்டை கிழியவே இல்லை. வியாழனன்று ஒன்று.

என் ஐந்து மாத மகளுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து கொடுத்தால் துப்பிவிடுவாள். இந்த வாரம் மட்டும், நான் வேலையிலிருந்து வந்ததும் என் விரல்களைப் பிடித்துச் சப்பினாள். சோப்புப் போட்டுக் கழுவிய விரல்கள்தான். அவள் கன்னம் நாளுக்கு நாள் சிவந்தது.

"கண்ணு பட்டுடப் போகுது," என்று பூரித்தார், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர்.

வெள்ளியன்று காலை டப்பாவில் பூஜ்யம்.

அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு ஓடினேன். கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் காகிதமாய் வெளுத்திருந்தன. அவருடைய சுட்டுவிரல் மகளின் வாயில் இருந்தது.

"காலையிலேருந்து தலை சுத்துது," என்றார். "விரலை இழுத்தாலும் வர மாட்டேங்குது. இவளுக்கு இன்னும் பல்லுகூட முளைக்கலையே."