பாவம் எண்ணப் போன கமிட்டி

"ஹாலோவீனுக்கு அந்தப் பேய்ப் படத்தை ஓட்டினா, சர்ச் ஆளுங்க ஒருத்தர்கூட உன் தியேட்டர் வாசப்படியை மிதிக்க மாட்டாங்க, ரஸ்! சொல்லிட்டேன்!"

டிக்கெட் கவுண்டரில் குடையால் தட்டிச் சொன்னாள் வெர்னா. சர்ச் ஒழுக்கக் கமிட்டியின் தலைவி. ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் சர்ச்சும் ஒன்றுதான், தியேட்டரும் ஒன்றுதான்.

தியேட்டர்காரர் ரஸ் கோவாக் காலிக் கல்லாப்பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கோடை முழுக்க ஈ ஓட்டியாகிவிட்டது. ஊரே பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் வாரமும் கைவிட்டால், குளிர்காலத்தில் கதவுக்குப் பூட்டுத்தான்.

"அது சிரிப்புப் படம் மேடம். 'செத்தும் அடங்காத மாமியார்', ரெண்டாம் பாகம். செத்துப்போன மாமியார் பேயா வந்து மருமக சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கிறா. அவ்வளவுதான்."

வெர்னாவுக்குப் பின்னால் நின்ற டெனீஸ் சட்டென்று இருமினாள். அவள் வெர்னாவின் மருமகள். கமிட்டிச் செயலாளரும் அவளேதான். வேறு யாரும் அந்த வேலைக்குச் சிக்கவில்லை.

"பேயைப் பார்த்துச் சிரிக்கிறவன் சாத்தானுக்குக் கை குடுக்கிறான்! ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்துல சொன்னது காதுல விழலையா?"

"பாஸ்டர் படத்தைப் பார்த்தாராமா?"

"கர்த்தாவே! அவரா? உன் போஸ்டர் கண்ணுல படக்கூடாதுன்னு எதிர்ப்பக்கமா நடந்து போறார், பாவம்."

"அப்போ நீங்களாவது பார்த்துட்டுச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் கமிட்டிக்குன்னே ஒரு காட்சி போடறேன். உள்ள பாவம் இருந்தா படத்தைத் தூக்கிடறேன்."

மறுநாள் கமிட்டி வந்தது. வெர்னா, டெனீஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆர்வில். மூன்றே பேர்தான் கமிட்டி. டெனீஸ் கையில் ஒரு நோட்டு, பாவங்களைக் குறித்துக்கொள்ள.

முதல் பத்து நிமிடம் யாரும் அசையவில்லை.

திரையில் பேய் மாமியார் அடுப்புக்குள் தலையை விட்டாள். மருமகள் சுட்ட ஆப்பிள் கேக்கை மோந்து பார்த்தாள். "ஓகோ! இதைத் தின்னுதானே நான் செத்தேன்?" என்றாள்.

டெனீஸ் கழுத்துத் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"என்னடி சிரிப்பு?"

"அழறேன் அத்தை. பாவத்தை நினைச்சு."

"எழுது. ஒண்ணு, பெரியவங்களை அவமதிக்கிறது."

"பேயைப் பெரியவங்க கணக்குல சேர்க்கலாமா?" என்று கேட்டார் ஆர்வில்.

"சும்மா இரு ஆர்வில்!"

படத்தில் மருமகள் வீட்டைச் சுத்தம் செய்கிறாள். தூசி உறிஞ்சும் எந்திரத்துக்குள் பேய் மாமியாரும் தெரியாமல் போய்விடுகிறாள். அப்பாடா என்று மருமகள் உட்கார்ந்தால், எந்திரத்தின் தூசிப் பைக்குள்ளிருந்து குரல் வருகிறது: "சோபாவுக்கு அடியில விட்டுட்டே பாரு!"

இருட்டில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது.

மேலே புரொஜெக்டர் அறையிலிருந்து ரஸ் எட்டிப் பார்த்தார். சிரித்தது டெனீஸ் இல்லை. ஆர்வில் இல்லை. வெர்னா! கண்ணில் தண்ணீர் வழிய, மருமகளின் தோளைப் பிடித்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"என் மாமியாரேதான்டி! அச்சு அசல் அவளேதான்! நான் துடைச்ச இடத்தையெல்லாம் வெள்ளைக் கைக்குட்டையால திருப்பித் துடைச்சுப் பார்ப்பா!"

"நீங்க மட்டும் என்னவாம்?"

பதினோரு வருடமாக டெனீஸ் தொண்டையில் இருந்த வார்த்தை, தானாகக் குதித்துவிட்டது. அவளுக்கே பகீரென்றது.

வெர்னா திரும்பி அவளை முறைத்தாள்.

"நான் எப்பவாவது கைக்குட்டை எடுத்திருக்கேனா? விரலால மட்டும்தானே தொட்டுப் பார்த்தேன்?"

சொல்லிவிட்டு அவளே மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

படம் முடிந்து நடிகர்கள் பெயர் ஓடத் தொடங்கியது. வெர்னா எழுந்தாள். கண்ணைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, முகத்தை ஞாயிற்றுக்கிழமை முகமாக மாற்றிக்கொண்டாள்.

"நாம சிரிக்கலை. புரிஞ்சுதா?"

"நான் தூங்கிட்டேன்" என்றார் ஆர்வில்.

வெளியே பாப்கார்ன் கவுண்டர் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாஸ்டர் லைல் நின்றிருந்தார். தீர்ப்பு வரும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லையாம்.

"என்ன வெர்னா? எப்படி?"

"மகா மட்டம், பாஸ்டர். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒருத்தர் உதட்டுலகூடச் சிரிப்பு வரலை."

படியிறங்கி வந்த ரஸ் அப்படியே நின்றுவிட்டார். டெனீஸ் தரையைப் பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தீங்களா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"பின்னே? நடிகர் பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்தோம்."

பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா, கெடுத்தீங்களே! பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம்தானே அந்த மாமியாரோட மாமியார் வர்றா!"