சோறு தின்னாத நாய்

“குரங்கு பாக்கப் படிச்சவ, இப்ப நாய் பாக்கக் கிளம்பிட்டியாக்கும்?” அடுப்படியிலிருந்து அம்மா சுந்தரம்மாள் கேட்டாள்.

சண்முகப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

விலங்குகளின் நடத்தை பற்றி எம்.எஸ்சி. படித்தவள் அவள். குற்றாலத்து மலையில் குரங்குக் கூட்டத்தின் பின்னால் அலைந்த அந்த இரண்டு வருஷமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

படிப்பு முடிந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பிய பிறகு எல்லாக் கதவும் மூடியிருந்தது. உயிரியல் பூங்காவில் ஆள் எடுக்கவில்லை. ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. கல்லூரிகளில், “இந்தப் பாடமே இங்க கிடையாதும்மா” என்றார்கள். சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. போய்ப் பார்த்தால், கடை கடையாக நாய் பிஸ்கட் விற்கிற வேலை. அதற்கும் ஆம்பளப் பையன்தான் வேண்டுமாம்.

அங்கிருந்து வந்தவள் அறைக்குள் போய்ப் படுத்தாள். குளிப்பதில்லை. தலை சீவுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது.

“பி.எட். படின்னு தலையால தண்ணி குடிச்சேன், கேட்டியா? இப்ப வேலையுமில்ல, கட்டிக்கிட ஆளுமில்ல.” சுந்தரம்மாள் கதவுக்கு வெளியே நின்று பேசாத நாளில்லை.

அப்போதுதான் பின்தெரு சங்கரசுப்பு அண்ணாச்சி வந்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர்.

“எம்மா, எங்க வீட்டு நாய் சோறு திங்க மாட்டேங்கு. டாக்டரு உடம்புக்கு ஒண்ணுமில்லங்காரு. நீ இதத்தான படிச்சிருக்க. ஒரு எட்டு வந்து பாரேன்.”

“என்னால முடியாது அண்ணாச்சி.”

“செத்துரும்மா.”

அதற்காகத்தான் எழுந்து போனாள்.

கொல்லையில் சுவரோரம் எலும்பும் தோலுமாகக் கிடந்தது நாய். அவள் அதன் கண்ணைப் பார்க்காமல், தொடாமல், தள்ளி உட்கார்ந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

“அக்கா, எனக்கும் ஒரு தட்டுல சோறு போடுங்க” என்று அண்ணாச்சியின் மனைவி பொன்மணியிடம் கேட்டாள். “பக்கத்துல யாராவது சாப்பிட்டா, அதுக்கும் சாப்பிடத் தோணும்.”

நாய்க்காக அவள் சாப்பிட்டாள். முதலில் விழுங்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, நாய் நகர்ந்து வந்து அவள் போட்ட ஒரு பிடி சோற்றை நக்கியது. அன்று அவள் தட்டும் காலியாகியிருந்தது.

ஆனால் நாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று உறுத்தியது. இன்று கேட்டேவிட்டாள்.

“அண்ணாச்சி, இது உங்க நாயே இல்ல.”

“குட்டியில இருந்து வளக்கோமே.”

“நீங்க ராஜா ராஜான்னு கூப்பிட்டா காதக்கூட அசைக்க மாட்டேங்கு. கொல்லக்கதவு திறந்தா எட்டிப் பாத்துட்டு, வந்தது வேற ஆளுன்னு திரும்பப் படுத்துக்கிடுது. தெருவுல ஆட்டுச் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு நிக்கி. இது ஆட்டுக்காரங்க நாய். ஆளத் தேடித்தான் இப்படிக் கிடக்கு. யாருகிட்ட இருந்து பிடிச்சிட்டு வந்தீங்க?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லிருங்க” என்றாள் பொன்மணி.

“இளையரசனேந்தல் பக்கம் மூக்காண்டின்னு ஒருத்தன் ஆடு மேய்ச்சான். போன மாசம் செத்துட்டான். புதைச்ச இடத்த விட்டு நகராமக் கிடக்குன்னு ஊரெல்லாம் பேசுன நாய் இது.”

“அத உங்க நாய்னு பொய் சொல்லி என்னைய ஏன் கூப்பிட்டீங்க? பொழுதுபோக்குக்கா?”

“நீ ஒருநா விடியக்காலம் மொட்டமாடிச் சுவர் மேல ஏறி நின்னியாமே.”

சண்முகப்ரியா அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“அதக் கண்ணால பாத்த ஒரு உசிரு, இங்கன வந்து எங்க கால்ல விழாத குறையா அழுதுச்சும்மா. ‘நான் பேசுனதெல்லாம் பேசிட்டேன் அண்ணாச்சி. இனிமே நல்ல வார்த்த சொன்னாலும் அவ நம்பமாட்டா. அவ படிச்ச படிப்பச் சொல்லி நீங்க கூப்பிட்டா வருவா’ன்னு.”

“யாரு?”

பொன்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டாங்கன்னு, லோடு ஆட்டோ பிடிச்சு, இளையரசனேந்தல்ல இருந்து இந்த நாய மடியில போட்டுக் கொண்டாந்து இங்கன கட்டிட்டுப் போனது உங்க அம்மாதான்.”