பெர்ஸியின் இணை

என் கணவர் பெர்ஸி, ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்கச் சுரங்கத்திலிருந்து சட்டசபைக்குப் போனவர். போர் முடிந்த மறுவருஷம், தூசு தின்ற நுரையீரலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுரங்கத் தூசால் செத்தவர்களின் மனைவிமாருக்குப் பென்ஷன் தரும் அவருடைய மசோதா ஒருநாள் ராத்திரி ஓட்டுக்கு வரவிருந்தது.

ஒரு உறுப்பினர் நோயில் படுத்துவிட்டால், ஓட்டுக் கணக்கு மாறாமலிருக்க எதிர்க்கட்சியில் ஒருவர் அவருக்கு இணையாக ஓட்டுப் போடாமல் ஒதுங்குவது எங்கள் சபை வழக்கம். அப்படி ஒதுங்கியவர் கோதுமைப் பண்ணைக்காரர் ஹெட்லி. அன்று காலையிலிருந்து கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போய் டீ குடிச்சிட்டு வாங்க, ஹெட்லி."

"வேணாம் மேவிஸ். இவன விட்டுட்டு எப்படிப் போறது?"

பெர்ஸி மூச்சிரைக்கச் சிரித்தார். "சபையில என்னைக் கடிச்சுக் குதறுவான். இங்க பாரு பாசத்த!"

ஹெட்லி அடிக்கடி நர்ஸைக் கூப்பிட்டு, நாடி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் பெர்ஸியின் மூச்சு நின்றது. நான் கதறினேன். ஹெட்லி எழுந்து தொப்பியை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"சபைக்கு. ஓட்டு இன்னும் ஆரம்பிக்கல."

"அவருக்கு இணையா இருப்பேன்னு வாக்குக் குடுத்தீங்களே!"

"உசிரோட இருக்கிற வரைக்கும்தான், மேவிஸ்."

மசோதா ஒரே ஓட்டில் தோற்றது.

மறுநாள் சபையில் இரங்கல் தீர்மானம். ஹெட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்: "பெர்ஸியோட கடைசி மூச்சு வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்தேன்."